நுண்துளை அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுவலி: தையல் நூலால் ஏற்படும் குடல் அடைப்பை அறிந்துகொள்ளுங்கள்

கருப்பை அகற்றல், கருப்பைக் கட்டி நீக்கம், குடலிறக்கச் சீரமைப்பு ஆகியவற்றிற்காக உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினர் ஒருவருக்கோ லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம். வயிற்றின் மேல் இரண்டு மூன்று சிறு தழும்புகளே தெரியும். ஓரிரு நாள்களில் வீடு திரும்பியிருப்பீர்கள். பெரும்பாலோர் இவ்வாறே எவ்விதச் சிக்கலுமின்றி நலம் பெறுகின்றனர். ஆயினும் மிகச் சிலருக்கு, வீடு திரும்பிய சில நாள்களிலோ சில வாரங்களிலோ வயிற்றில் பிசைவது போன்ற வலியும் வாந்தியும் தொடங்குகின்றன. அதற்கான காரணங்களுள் ஒன்று, வயிற்றினுள் போடப்பட்ட தையல் நூலின் முனை குடலைப் பற்றிக்கொள்வது. அந்தக் காரணத்தையும், அதனை உரிய நேரத்தில் அடையாளம் காண நீங்கள் செய்யக்கூடியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

முதன்மைச் செய்திகள்

• நுண்துளை அறுவை சிகிச்சை பாதுகாப்பானது. இங்கு விளக்கப்படும் சிக்கல் அரிதானது.
• அறுவை சிகிச்சைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் தோன்றினால், அதனுடன் வாந்தியும் வயிறு உப்பலும் இருந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• எந்த வகைத் தையல் நூல் பயன்படுத்தப்பட்டது என்ற விவரம் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தையலில் உள்ள சிரமம்

இந்தியாவில் நுண்துளை முறையில் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையை 1990-ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் தெகம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். அன்று பெருநகரங்களில் மட்டுமே கிடைத்த இம்முறை, இன்று தாம்பரம், மேடவாக்கம் போன்ற புறநகர்ப் பகுதிகளின் மருத்துவமனைகளிலும் வழக்கமாகிவிட்டது. இரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்பன இதன் நன்மைகள்.

எனினும் இம்முறையில் மருத்துவருக்குக் கடினமான பணி ஒன்று உண்டு. அது தையல் போட்டு முடிச்சிடுவது. திறந்த அறுவை சிகிச்சையில் விரல்களால் எளிதாக இடப்படும் முடிச்சை, இங்கு நீண்ட மெல்லிய கருவிகளைக் கொண்டு, திரையைப் பார்த்தவாறு இட வேண்டும். அதற்குப் பயிற்சியும் நேரமும் தேவை. முடிச்சு தளர்ந்தால் காயம் விரியக்கூடும். இரத்தம் கசியவும் கூடும்.

இச்சிரமத்தைப் போக்க வந்ததே முட்கள் கொண்ட தையல் நூல். இதனை இப்பக்கத்தில் 'முள்நூல்' என்று குறிப்பிடுகிறோம்.

முள்நூல் என்பது யாது?

இந்நூலின் மேற்பரப்பில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய முட்கள் வரிசையாக அமைந்துள்ளன. நெற்கதிரின் சுணையை ஒரு திசையில் தடவினால் வழுக்கிச் செல்லும். எதிர்த் திசையில் தடவினால் விரலில் குத்தி நிற்கும். முள்நூலும் அவ்வாறே. திசுவினுள் முன்னோக்கி எளிதாக நுழையும், பின்னோக்கி நழுவாது. ஆகவே முடிச்சு தேவைப்படுவதில்லை. தையல் விரைவாக முடிகிறது. இழுவிசையும் ஒரே இடத்தில் குவியாமல் நூலின் நெடுகிலும் பரவுகிறது.

இக்கருத்துப் புதியதன்று. முள்நூலுக்கான காப்புரிமை ஒன்று 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வழங்கப்பட்டது. 2004-இல் 'குவில்' என்னும் முள்நூலுக்கு அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. பின்னர் 'வி-லாக்', 'ஸ்ட்ராட்டாஃபிக்ஸ்' முதலிய நூல்கள் வந்தன. உங்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பில் இப்பெயர்களுள் ஒன்றோ, 'பார்ப்டு சூச்சர்' என்ற சொல்லோ இருந்தால், உங்களுக்கு முள்நூல் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று பொருள்.

இவற்றுள் பெரும்பாலானவை உடலில் தாமே கரையும் வகையைச் சேர்ந்தவை. ஆனால் 'கரையும் நூல்' என்றால் ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டா. சில வகைகள் முழுமையாகக் கரைய மூன்று மாதங்களும், வேறு சில ஏறக்குறைய ஆறு மாதங்களும் ஆகும். கரையாத வகைகளும் உள்ளன.

குடலுக்கு இடையூறு நேர்வது எவ்வாறு?

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ளது. அது வயிற்றினுள் ஓரிடத்தில் அசையாமல் இருப்பதன்று. உணவை முன்தள்ளியபடி எப்போதும் நெளிந்து நகர்ந்துகொண்டே இருக்கும். தையல் முடிந்த இடத்தில் நூலின் முனை சற்று நீளமாக வெட்டப்பட்டு வயிற்றறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் முட்கள் வெறுமையாக வெளியே நிற்கும். வயல் வரப்பில் நடப்பவரின் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொள்வது போல, அவ்வழியே நகரும் குடலிலோ குடலைத் தாங்கும் சவ்விலோ அம்முட்கள் சிக்கிக்கொள்ளலாம்.

சாதாரண நூலின் முனை பட்டால் குடல் வழுக்கி விலகிவிடும். முள்நூல் பற்றினால் எளிதில் விடாது. குடல் அசைய அசைய நூல் மேலும் இறுகுகிறது. இதனால் மூன்று விளைவுகள் நேரலாம்.

1. பற்றிய இடத்தில் குடல் மடிந்து, உணவும் நீரும் வாயுவும் கடந்து செல்ல இயலாத குடல் அடைப்பு ஏற்படலாம்.
2. பற்றிய இடத்தை அச்சாகக் கொண்டு குடல் சுழன்று குடல் முறுக்கு ஏற்படலாம். அப்போது குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடும்.
3. முட்கள் குடற்சுவரைக் காயப்படுத்தித் துளை ஏற்படலாம். இது மிகவும் அரிது.

இரத்த ஓட்டம் தடைபட்ட குடற்பகுதி சில மணி நேரங்களிலேயே அழுகத் தொடங்கக்கூடும். எனவேதான் இச்சிக்கலில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது.

இதுவரை கிடைத்துள்ள அனுபவம் கூறுவது

2011-ஆம் ஆண்டில் இத்தகைய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வெளிவரத் தொடங்கின. கருப்பை அகற்றிய பின் பிறப்புறுப்பின் மேல்முனையை முள்நூலால் தைத்த ஒருவருக்குச் சிறுகுடல் அடைப்பு ஏற்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதே ஆண்டில், இடுப்பு உறுப்பு இறக்கத்திற்கான நுண்துளை அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த குடல் முறுக்கைப் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர். 2015-இல் ஜெர்மானிய மருத்துவர்கள், குடலிறக்கச் சீரமைப்பில் வயிற்று உட்சவ்வை முள்நூலால் மூடிய பின் ஏற்பட்ட குடல் முறுக்கை விவரித்தனர். நூலுடன் தரப்பட்ட பயன்பாட்டுக் குறிப்பை மருத்துவர்களாகிய நாம் முதலில் படிக்கிறோமா என்று அவர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே வினவினர்.

இப்பதிவுகளிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவதாக, சிக்கலுக்குக் காரணம் நூல் மட்டுமன்று. அதன் முனை எவ்வாறு விடப்பட்டது என்பதும் ஆகும். தையலின் இறுதியில் எதிர்த்திசையில் ஓரிரு தையல்கள் கூடுதலாகப் போட்டு, முனையைத் திசுவின் மட்டத்தோடு ஒட்ட வெட்டி, இயன்றவரை உட்சவ்வால் மூடிவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். இதனைப் பல அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இன்று வழக்கமாகக் கடைப்பிடிக்கின்றனர்.

இரண்டாவதாக, இது எத்தனை பேரில் ஒருவருக்கு நேரும் என்பதை இப்பதிவுகளைக் கொண்டு கணக்கிட இயலாது. வழக்கத்திற்கு மாறான நிகழ்வுகளே இதழ்களில் வெளியாகும். நலமாக வீடு திரும்பியவர்களைப் பற்றி எவரும் தனித்தனியே எழுதுவதில்லை. ஆதலால் 'முள்நூல் ஆபத்தானது' என்று முடிவு கட்டுவது தவறு. 'எங்கோ நடந்தது, நமக்கு நேராது' என்று புறக்கணிப்பதும் தவறு.

அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் அடைப்பு ஏற்படுவதற்கு இதனினும் பொதுவான காரணங்கள் உள்ளன. உள்தழும்புகளால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், கருவி நுழைத்த துளையின் வழியே குடல் பிதுங்குவதும் அவற்றுள் சில. பித்தப்பை, குடல்வால் ஆகியவற்றை அகற்றும் போது பொதுவாக வயிற்றினுள் நீண்ட தையல் தேவைப்படுவதில்லை. கிளிப்புகளோ கண்ணி முடிச்சுகளோ போதுமானவை. கருப்பை, கருப்பைக் கட்டி, உறுப்பு இறக்கம், குடலிறக்கம், உடற்பருமன் ஆகியவற்றுக்கான அறுவை சிகிச்சைகளிலேயே முள்நூலின் பயன்பாடு மிகுதி.

எது இயல்பு? எது எச்சரிக்கை?

நுண்துளை அறுவை சிகிச்சையின் போது வயிற்றினுள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. அதனால் முதல் இரண்டு மூன்று நாள்கள் தோள்பட்டை வலி, இலேசான வயிறு உப்பல், துளையிட்ட இடங்களில் வலி ஆகியவை இருப்பது இயல்பு. இவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும்.

கீழ்க்காண்பவை இயல்பானவை அல்ல:

• விட்டுவிட்டு அலையலையாக வந்து பிசையும் வயிற்றுவலி
• ஒருமுறைக்கு மேல் வாந்தி. குறிப்பாகப் பச்சை நிறத்திலோ மலநாற்றத்துடனோ வரும் வாந்தி
• நாளுக்கு நாள் பெருகும் வயிறு உப்பல்
• வாயுவும் மலமும் வெளியேறாமை
• காய்ச்சல், வேகமான நாடித் துடிப்பு, மயக்கம்
• விட்டுவிட்டு வந்த வலி தொடர்ச்சியான கடும் வலியாக மாறுதல். வயிறு பலகை போல் இறுகுதல்

இறுதியில் கூறிய இரு அறிகுறிகளும் குடலின் இரத்த ஓட்டம் தடைபட்டதையோ குடலில் துளை ஏற்பட்டதையோ குறிக்கலாம். அப்போது சிறிதும் தாமதிக்கலாகாது.

முதல் சில நாள்கள் நன்றாக உண்டு, நடமாடி, வேலைக்கும் சென்ற ஒருவருக்கு மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் இவ்வறிகுறிகள் தோன்றலாம். 'அறுவை சிகிச்சை முடிந்து இத்தனை நாள் ஆகிவிட்டதே, அதற்கும் இதற்கும் தொடர்பிருக்காது' என்று எண்ணிவிடாதீர்கள்.

தாமதம் எங்கே நேர்கிறது?

வயிறு உப்பி வலித்தால் 'வாயுத் தொல்லை' என்று கருதுவது நம் வீடுகளில் வழக்கம். பெருங்காயம் கரைத்துக் குடிப்பதும், மருந்துக் கடையில் அமிலக் குறைப்பு மாத்திரை வாங்குவதும், மலச்சிக்கல் என்றெண்ணி விளக்கெண்ணெய் அருந்துவதும் நடைபெறுகின்றன. அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்தானது. தள்ளும் விசை கூடுமேயன்றி அடைப்பு நீங்காது. குடல் கிழியவும் கூடும். வலி நிவாரண மாத்திரைகள் அறிகுறியைச் சில மணி நேரம் மறைத்து, நோயைக் கண்டறிவதைத் தள்ளிப்போடும்.

மற்றொரு தாமதம் மருத்துவமனைகளுக்கு இடையே நேர்கிறது. நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வலி வந்தவுடன் வீட்டருகே உள்ள மருத்துவரிடம் செல்கிறார். அம்மருத்துவருக்கு முந்தைய சிகிச்சையின் விவரம் தெரியாது. வயிற்றின் மேல் தழும்புகளும் சிறியவை. நோயாளியும் 'சின்ன ஆபரேஷன்தான்' என்று கூறிவிடுகிறார். வெளியே துளை சிறியதாயினும் உள்ளே நடந்த சிகிச்சை சிறியதன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மேடவாக்கம் பகுதியில் வசிப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. அறிகுறிகள் தோன்றியவுடன் உணவையும் நீரையும் நிறுத்துங்கள். பேதி மருந்து, எனிமா, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டா.
2. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் தொடர்புகொள்ளுங்கள். அம்மருத்துவமனைக்கு விரைவில் செல்ல இயலுமாயின் அங்கேயே செல்வது நல்லது.
3. வலி கடுமையாக இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ 108 ஆம்புலன்சை அழையுங்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையின் நெரிசலில் இருசக்கர வாகனத்தில் நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டா.
4. அறுவை சிகிச்சை மருத்துவரும் சி.டி. ஸ்கேன் வசதியும் இரவு பகலாக உள்ள மருத்துவமனைக்குச் செல்வதே உரியது. அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, இப்பகுதியினர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையை அணுகலாம். மேல்சிகிச்சை தேவைப்படின் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னையின் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் உள்ளன.
5. எங்கு செல்வது என்பதில் ஐயமிருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மருத்துவரைக் கண்டவுடன் முதலில் கூற வேண்டியது இதுவே: "இன்ன தேதியில், இன்ன அறுவை சிகிச்சை, லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது, உள்ளே முள்நூல் பயன்படுத்தப்பட்டதாகக் குறிப்பில் உள்ளது." இந்த ஒரு வாக்கியம் பல மணி நேரத் தாமதத்தைத் தவிர்க்கும்.

மருத்துவமனையில் என்ன நடைபெறும்?

மருத்துவர் வயிற்றைப் பரிசோதித்து, இரத்தப் பரிசோதனையும் நின்ற நிலையில் எக்ஸ்ரேயும் எடுக்கச் செய்வார். அடைப்பு எங்கு உள்ளது, குடலின் இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை அறிய சி.டி. ஸ்கேன் உதவும். நூல் மிக மெல்லியதாதலால் ஸ்கேனில் அது நேரடியாகத் தெரியாமல் போகலாம். முன்பு தையல் போட்ட இடத்திற்கு அருகே குடல் திடீரெனச் சுருங்கியிருப்பதே குறிப்பாக அமையும். நூலைப் பற்றி நீங்கள் கூறும் விவரம் இங்குதான் பயன்படுகிறது.

மூக்கின் வழியே வயிற்றுக்குள் குழாய் செலுத்தித் தேங்கிய நீரை வெளியேற்றுவர். நரம்பின் வழியே திரவமும் உப்புச் சத்துகளும் ஏற்றப்படும். குடல் ஒட்டுதலால் வந்த அடைப்பு பல நேரங்களில் இவ்வளவிலேயே சரியாகிவிடும். ஆனால் முள்நூல் பற்றிய குடல் தானாக விடுபடுவது கடினம். இதுவரை பதிவான நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உரிய நேரத்தில் செய்தால், பலருக்கு மீண்டும் நுண்துளை முறையிலேயே நூலின் முனையை வெட்டிக் குடலை விடுவித்தாலே போதுமானது. தாமதமாகிக் குடல் அழுகியிருந்தால், அப்பகுதியை வெட்டியெடுத்துக் குடலை இணைக்க வேண்டியிருக்கும். முன்னது சிறு பணி. பின்னது பெரும் சிகிச்சை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, நீங்கள் எவ்வளவு விரைவில் வந்தீர்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய வினாக்கள்

• வயிற்றினுள் எந்த வகை நூலால் தையல் போடப்படும்? அது கரைய எவ்வளவு காலம் ஆகும்?
• முள்நூல் எனில், அதன் முனை எவ்வாறு வெட்டி மறைக்கப்படும்?
• வீடு திரும்பிய பின் எந்த அறிகுறிகள் தோன்றினால் வர வேண்டும்?
• இரவிலும் விடுமுறை நாள்களிலும் தொடர்புகொள்ள வேண்டிய எண் எது?

இவ்வினாக்களைக் கேட்பது மருத்துவர் மீது ஐயம் கொள்வதாகாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை.

ஆவணங்களைப் பாதுகாத்து வையுங்கள்

வீடு திரும்பும் போது வழங்கப்படும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தையல் நூலின் பெயர் பெரும்பாலும் இடம்பெறாது. அது அறுவை சிகிச்சைக் குறிப்பில்தான் இருக்கும். எனவே அக்குறிப்பின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். வலையோ பிற பொருளோ உடலில் பொருத்தப்பட்டிருந்தால் அதன் அடையாளச் சீட்டையும் பெறுங்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். பெற்ற நகல்களைக் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தினர் ஒருவரிடமும் பகிர்ந்து வையுங்கள். நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் பேருதவியாக இருக்கும்.

தெரிவித்தால்தான் திருத்தம் பிறக்கும்

மருத்துவக் கருவிகளாலும் தையல் நூல் போன்ற பொருள்களாலும் நேரும் பாதிப்புகளைத் திரட்டுவதற்காக, இந்திய மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டம் 2015-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நெறிநூல் ஆணையம் இதனை ஒருங்கிணைக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் பெறலாம். பாதிப்பு ஏற்பட்டிருந்தால், இத்திட்டத்திற்குத் தெரிவிக்குமாறு உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் நோக்கம் எவரையும் தண்டிப்பதன்று. எந்த நூல், எந்த அறுவை சிகிச்சை, எத்தனை நாள் கழித்து, என்ன பாதிப்பு என்னும் விவரங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்தின் உண்மையான அளவை அறிய இயலும். பயிற்சியிலோ பயன்பாட்டுக் குறிப்பிலோ மாற்றம் தேவையா என்பதும் அப்போதே புலப்படும். ஒருவரின் பதிவு, அவருக்குப் பின் அதே மேசையில் படுக்கப்போகும் பலருக்குப் பாதுகாப்பாகிறது.

நிறைவாக

நுண்துளை அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், இச்செய்தியைப் படித்துவிட்டு அதனைத் தள்ளிப்போட வேண்டா. ஏற்கெனவே செய்துகொண்டு நலமாக இருப்பவர்களும் அஞ்ச வேண்டா. நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்களில் நாள்தோறும் மூன்று வினாக்களைக் கேட்டாலே போதும்: நேற்றைவிட இன்று வலி குறைந்ததா? உண்டது தங்குகிறதா? வாயு பிரிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கவலையில்லை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மருத்துவரிடம் பேசுங்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அறுவை சிகிச்சைக் குறிப்பை எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.